பச்சை ஷூ போட்ட மார்ஷல்: பார்டர்லைன் பத்தி கேட்டவருக்கு ஒரு பதில்

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். பிராண்டன் மார்ஷல்னு ரிட்டயர் ஆன அமெரிக்கன் ஃபுட்பால் ப்ளேயர் ஒருத்தர் மனநலம் பத்தி நிறைய பேசுறாரே, அவ்வளவு சம்பாதிச்ச ஆளுக்கு அப்படி என்ன வந்துச்சு, அவரு சொல்ற பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்னா என்ன, என் ஃப்ரெண்டுக்கும் இதே பேர டாக்டர் சொல்லியிருக்காங்க, மார்ஷல் கதைய அவன்கிட்ட காட்டினா உதவுமா. இதுதான் கேட்டிருந்தீங்க. நான் கவுன்சலிங் பக்கம் வேலை பாக்குறவன், என்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்க ரொம்ப வருஷமா பாக்குறவனும் கூட, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், கடைசி கேள்விதான் முக்கியம், அதுக்கு பொறுமையா வரேன்.

ஆளு யாருன்னு தெரியாதவங்களுக்கு. இது காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டு மோதுற அமெரிக்கன் ஃபுட்பால். மார்ஷல் ஆடினது வைட் ரிசீவர், அதாவது ஓடிப்போய் பந்தைப் பிடிக்கிற வேலை. 2006 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வரிசையா புது ப்ளேயர்ஸ எடுக்கற நிகழ்ச்சில, நாலாவது ரவுண்டுல டென்வர் பிராங்கோஸ் எடுத்தாங்க, அப்புறம் மயாமி, சிகாகோ, நியூயார்க்ல ரெண்டு டீம், கடைசியா சியாட்டில், மொத்தம் 13 சீசன். 2009 டிசம்பர்ல இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 21 கேட்ச் பிடிச்சாரு, அது லீக் ரெக்கார்டு. மொத்தமா 970 கேட்ச், அதுல டீம முன்னேத்தின தூரம் 12,351 யார்டு. நாலு வேற வேற டீமுக்கு ஆடி நாலுலயும் 1,000 யார்டு சீசன் வச்ச முதல் ஆள். இவ்வளவும் பண்ணிட்டு சீசன் முடிவுல சாம்பியன்ஷிப்புக்காக நடக்கற ப்ளேஆஃப் மேட்ச் ஒண்ணு கூட ஆடாமலே ரிட்டயர் ஆனாரு, அது ஒரு வருத்தம்.

ஆனா 2011 வரைக்கும் அவர் பேரு பேப்பர்ல வந்ததுல பாதி வேற விஷயத்துக்கு. கைது, கேஸ், அதுல சிலது தள்ளுபடி, ஒண்ணுல நிரபராதின்னு தீர்ப்பு. 2008-ல லீக் சஸ்பெண்ட் பண்ணுச்சு, 2009 சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிராக்டீஸ்ல வந்த பந்தை வேணும்னே தட்டிவிட்டாருன்னு சொந்த டீமே சஸ்பெண்ட் பண்ணுச்சு. ஃபேன்ஸ் எல்லாம் இவன் திமிர் பிடிச்சவன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன், இந்த வேலைல இருந்துக்கிட்டே அப்படி நெனச்சது தப்பு.

2010-ல மயாமி டால்ஃபின்ஸ் அவருக்கு 4 வருஷத்துக்கு 47.5 மில்லியன் டாலர் காண்ட்ராக்ட் கொடுத்தாங்க. நீங்க கேட்ட "காசு இருக்குறவனுக்கு என்ன கஷ்டம்" கேள்விக்கு பதில் அந்த ஒரு வருஷத்துலயே இருக்கு. 2011 ஜூலை கடைசில ட்ரெயினிங் கேம்ப் ஆரம்பிக்கும்போது பிரஸ் மீட் வச்சு அவரே சொன்னது என்னன்னா, வீடு, கார், கல்யாணம், ஆட்டம் எல்லாம் இருந்துச்சு, ஆனா அதுல எதையுமே அனுபவிக்க முடியல, ஏன்னு எனக்கே புரியலன்னு. இந்த நோய்ல அந்த "ஏன்னு புரியல"ங்கறது ரொம்ப முக்கியமான இடம். வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு கோபம் மட்டும்தான் தெரியும், உள்ள இருக்கறவனுக்கு தெரியறது ஒரு வெறுமை.

அதுக்கு முன்னாடி ஒரு மூணு மாசம் அவரு பாஸ்டன் பக்கத்துல பெல்மாண்ட்ல இருக்குற மெக்லீன் ஹாஸ்பிட்டல்ல ட்ரீட்மெண்ட் எடுத்தாரு, அட்மிட் ஆகாம வெளிநோயாளியா போய் வந்து. நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இங்க இருக்கு, 2011 மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும் என்எஃப்எல்ல லாக்அவுட் நடந்துச்சு, ஓனர்களுக்கும் ப்ளேயர்ஸுக்கும் சம்பளப் பங்கு தகராறு, ப்ளேயர்ஸ் டீம் வளாகத்துக்குள்ளயே போகக்கூடாது. அப்படி ஒரு காலம் இல்லன்னா மூணு மாசம் தொடர்ச்சியா தெரபிக்கு போறது ஒரு ப்ளேயருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க (இது என் கணிப்பு, அவரு சொன்னதில்ல). ட்ரீட்மெண்டுக்கு டைம் கிடைக்கறதுங்கறதே பாதி ட்ரீட்மெண்ட், சாதாரண வேலைல இருக்கறவங்களுக்கும் இதே பிரச்சனைதான்.

போன இடமும் சும்மா ஒரு இடம் இல்ல. இந்த நோய தனியா அடையாளம் காட்டறதுக்கு 1970கள்ல முக்கியமா உழைச்ச ஜான் கண்டர்சன்ங்கற சைக்கியாட்ரிஸ்ட் வேலை பாத்த ஹாஸ்பிட்டல் அது. 1980-ல டிஎஸ்எம்ங்கற அமெரிக்க மனநோய் கையேட்டோட மூணாவது பதிப்புலதான் இது அதிகாரபூர்வமா ஒரு நோயா ஏறுச்சு. பேர் மட்டும் பழசு, 1938-ல அடால்ஃப் ஸ்டெர்ன்னு ஒரு டாக்டர், இந்த பேஷண்டுங்க நியூரோசிஸ்லயும் (பதட்டம் மாதிரி, நிஜம் தெரிஞ்சே தவிக்கறது) சேரல சைக்கோசிஸ்லயும் (நிஜத்தோட தொடர்பே விட்டுப் போறது) சேரல, நடு எல்லைல நிக்கிறாங்கன்னு எழுதினாரு, அந்த எல்லைக்கோடுதான் பார்டர்லைன். நிறைய பேர் "நோய் வரலாமா வேணாமான்னு பார்டர்ல இருக்கு, லேசானது"ன்னு புரிஞ்சுக்கறாங்க, சுத்தமா தப்பு, உங்க ஃப்ரெண்ட் வீட்டுலயும் அப்படி நெனச்சிருந்தா இத மொதல்ல தெளிவுபடுத்துங்க.

சரி நோய் என்ன. டிஎஸ்எம்ல ஒன்பது அறிகுறி இருக்கு, அதுல குறைஞ்சது அஞ்சு இருந்தா டயக்னோசிஸ். விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு தாங்க முடியாத பயம், ஒருத்தர தலைல தூக்கி வைக்கறதும் அடுத்த நாள் அதே ஆள எதிரியா பாக்குறதும், நான் யாருன்னே நிலையா தெரியாம இருக்கறது, யோசிக்காம செய்யறது, தன்னையே காயப்படுத்திக்கறது, மணிக்கணக்குல மாறுற மூடு, எப்பவும் உள்ள ஒரு காலி, அடங்காத கோபம், டென்ஷன் அதிகமானா சந்தேகம் வர்றது இல்லன்னா தன் உடம்புலயே தான் இல்லாத மாதிரி ஆயிடறது. ஒன்பதுல அஞ்சோ அதுக்கு மேலயோன்னா 256 விதமா சேரலாம், அதனால மார்ஷலுக்கு இருந்த பார்டர்லைனும் உங்க ஃப்ரெண்டோட பார்டர்லைனும் பாக்க ஒண்ணாவே இல்லாம போகலாம், இத மனசுல வைங்க, கடைசில தேவைப்படும்.

ஏன் வருது? மார்ஷா லினஹன் சொன்ன விளக்கம்தான் எனக்கு ஒத்து வருது. சியாட்டில்ல இருக்குற வாஷிங்டன் யுனிவர்சிட்டில ப்ரொஃபசரா இருந்தவங்க, டிபிடின்னு சொல்ற டயலெக்டிகல் பிஹேவியர் தெரபிய உருவாக்கினவங்க. ரெண்டு விஷயம் சேரணும்னு சொல்றாங்க. ஒண்ணு பிறப்புலயே உணர்ச்சி சட்டுனு பொங்குற சுபாவம், பொங்கினது அடங்கவும் ரொம்ப நேரம் ஆகும். ரெண்டாவது, அந்த உணர்ச்சிய "இதெல்லாம் ஒண்ணுமில்ல, நடிக்காத"ன்னு திரும்பத் திரும்ப ஒதுக்கித் தள்ளுற சூழல். இந்த லினஹனே சின்ன வயசுல பல மாசம் மனநல ஹாஸ்பிட்டல்ல இருந்தவங்கதான், தன்னையே காயப்படுத்திக்கிட்டு இருந்தவங்க, அத அவங்க பொதுவுல சொன்னதும் அதே 2011 ஜூன்லதான், மார்ஷல் பிரஸ் மீட்டுக்கு ஒரு மாசம் முன்னாடி. தெரபிய கண்டுபிடிச்சவங்களும் அந்த நோயோட முகமா நிக்கிறேன்னு வந்த ப்ளேயரும் அடுத்தடுத்த மாசத்துல வாய் திறந்தாங்க, எனக்கு அந்த கோடை மறக்காது.

ரெண்டாவது காரணத்துக்கு, அதாவது சூழலுக்கு, ஃபுட்பால விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2012 மே மாசம் ஜூனியர் சியாவ்ங்கற பெரிய என்எஃப்எல் ப்ளேயர் (லைன்பேக்கர், எதிர் டீம தடுக்கற ஆள்) தற்கொலை பண்ணிக்கிட்டப்ப மார்ஷல் ஒரு சிகாகோ பேப்பர்ல எழுதினாரு. அதுல ஒரு இடம், சின்னப் பையன் கீழ விழுந்து அழுதா எந்திரி, ஒண்ணும் இல்ல, அழாதங்கறோம், அதே பொண்ணு விழுந்தா தூக்கி சமாதானம் பண்றோம், அந்த இடத்துலயே ஆம்பளைங்களுக்கு உணர்ச்சிய மறைக்க கத்துக் கொடுத்துடறோம்ங்கற மாதிரி எழுதியிருந்தாரு. லினஹன் தியரிய இதவிட எளிமையா சொன்ன ஒரு ப்ரொஃபசர நான் பாத்ததில்ல. ஃபுட்பால்ல இது இன்னும் பல மடங்கு, முட்டி பெயர்ந்தாலும் ஆடு, வலிக்குதுன்னா உன் எடத்துல அடுத்தவன் நிப்பான். உடம்பு வலிய மறைக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சம்பளம்.

மறைக்கறதுன்ன உடனே எனக்கு ரிக்கி வில்லியம்ஸ்தான் ஞாபகம் வருவாரு. 2010-ல மயாமில மார்ஷலோட சேர்ந்து ஆடினவர், ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கைல வச்சுக்கிட்டு ஓடற ஆள். 1999-ல நியூ ஆர்லியன்ஸ் டீமுக்கு வந்தப்ப ரிப்போர்ட்டர்ஸுக்கு பேட்டி கொடுக்கும்போது ஹெல்மெட்ட கழட்ட மாட்டாரு, முகத்துக்கு முன்னாடி கருப்பு கண்ணாடி வேற. மேட்ச் முடிஞ்சு போச்சு, சுத்தி மைக், நடுவுல ஒரு ஆள் ஹெல்மெட்டுக்குள்ள இருந்து மெதுவா பதில் சொல்றாரு. கிறுக்கன்னு கிண்டல் பண்ணாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது அவருக்கு சோஷியல் ஆங்ஸைட்டி டிஸார்டர், யார் கண்ணையும் பாக்க முடியாம தவிச்சிருக்காரு. எத்தனை கேமரா அத படம் பிடிச்சுது, ஒருத்தருக்கும் அது அறிகுறின்னு தோணல பாருங்க.

இப்ப பச்சை ஷூ. 2013 அக்டோபர் 10, வியாழக்கிழமை ராத்திரி, மார்ஷல் அப்ப ஆடின சிகாகோ பேர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும் மோதின மேட்ச். அது மனநல விழிப்புணர்வு வாரம், மனநலத்துக்கு அடையாள நிறம் பச்சை. மார்ஷல் பளிச்சுனு பச்சை ஷூ போட்டுக்கிட்டு இறங்கினாரு. அந்த மாசம் முழுக்க லீக்ல எல்லாரும் மார்பகப் புற்றுநோய்க்காக பிங்க் ஷூ, பிங்க் க்ளவுஸ் போட்டு ஆடிக்கிட்டு இருந்தாங்க, அது லீக்கே நடத்துற இயக்கம், அதனால பிரச்சனை இல்ல. பச்சைக்கு மட்டும் யூனிஃபார்ம் விதிமீறல்னு 10,500 டாலர் ஃபைன். ஃபைன் போடுவாங்கன்னு தெரிஞ்சேதான் போட்டாரு, அதே அளவு தொகைய மனநல வேலைக்கு கொடுக்கறேன்னும் சொன்னாரு. டிவில ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயிருக்க வேண்டிய ஷூ, ஃபைனால ஒரு வாரம் பேச்சா ஆச்சு. 2016-ல லீக்கே ஒரு வாரம் ஒதுக்கி, ப்ளேயர்ஸ் அவங்கவங்களுக்குப் பிடிச்ச நல்ல காரியத்துக்காக எந்த நிறத்துல வேணா ஷூ போடலாம்னு ஆரம்பிச்சுது, அது இன்னிக்கும் வருஷா வருஷம் நடக்குது. 2019-ல லீக்கும் ப்ளேயர்ஸ் யூனியனும் சேர்ந்து ஒவ்வொரு டீமும் ஒரு மனநல க்ளினிஷியன வச்சே ஆகணும், வாரத்துக்கு குறைஞ்சது 8 மணி நேரமாவது அவங்க டீம் வளாகத்துலயே கிடைக்கணும்னு ஒப்பந்தம் போட்டாங்க. எல்லாம் ஒரு ஷூவால வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், பல பேரோட உழைப்பு, சில பேரோட சாவு கூட அதுக்குப் பின்னாடி இருக்கு. ஆனா வாய்ப்பேச்சா முடியாம வளாகத்துக்குள்ள ஒரு ரூமும் அதுல உக்கார ஒரு ஆளும் வர்ற வரைக்கும் போச்சே, எனக்கு அதுதான் பெருசு.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், இந்த விளையாட்டுல தலைல அடி வாங்கி வர்ற சிடிஈங்கற மூளை பாதிப்பையும் பார்டர்லைனையும் போட்டு குழப்பிக்காதீங்க. சிடிஈய உறுதியா சொல்றது இறந்ததுக்கு அப்புறம் மூளைய பரிசோதிச்சுத்தான். சியாவ் மூளைல அது இருந்துச்சு. மார்ஷல் சொன்னது அது இல்ல.

அப்ப அந்த பழைய கைது, சண்டை எல்லாத்தையும் நோய்ங்கற பேர்ல மன்னிச்சு விட்டுடலாமான்னு கேப்பீங்க. கூடாது. இதுல நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். பார்டர்லைன் இருக்கற பெரும்பாலானவங்க அடுத்தவங்கள விட தன்னையேதான் அதிகமா காயப்படுத்திக்கறாங்க, அவங்களப் பாத்து பயப்படற மாதிரி ஒரு பேர இந்த நோய்க்கு வாங்கித் தரக்கூடாது, அதே சமயம் நோய் இருக்குங்கறதால செஞ்சதுக்குப் பொறுப்பு போயிடாது. டிபிடில ஆரம்பத்துலயே பேஷண்டுக்கு சொல்ற அடிப்படை ஒண்ணு இருக்கு, உன் பிரச்சனை எல்லாத்தையும் நீயே உண்டாக்கல, ஆனா தீர்க்க வேண்டிய ஆள் நீதான். ரெண்டு பாதியும் சேர்த்து சொல்லணும். மொத பாதிய மட்டும் சொல்ற குடும்பம் செல்லம் கொடுத்துக் கெடுக்கும், ரெண்டாவது பாதிய மட்டும் சொல்ற குடும்பம் அடிச்சுத் துவைக்கும். மார்ஷல எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம் அந்த பிரஸ் மீட்டுலயே நான் முழுசா சரியாயிட்டேன்னு அவரு சொல்லல, இருட்டு ரூம்ல லைட் போட்ட மாதிரி இருக்குன்னுதான் சொன்னாரு. லைட் போட்டா ரூம் சுத்தமாயிடாது இல்லையா, எங்க என்ன கிடக்குதுன்னு தெரியும், அவ்வளவுதான்.

அந்த சுத்தம் பண்ற வேலை எப்படி இருக்கும்னு கிட்டத்துல காட்டறேன், ஏன்னா உங்க ஃப்ரெண்டுக்கு நாளைக்கு இதுதான் நடக்கப் போகுது. முழு டிபிடின்னா வாரம் ஒரு தடவை தனி செஷன், வாரம் ஒரு தடவை ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஸ்கில்ஸ் குரூப், நடுவுல நெருக்கடி வந்தா தெரபிஸ்டுக்கு ஃபோன். ஸ்கில்ஸ் பாடம் ஒரு சுத்து முடிய 24 வாரம், பெரும்பாலும் ரெண்டு சுத்து, அதாவது ஒரு வருஷம். ஒரு டயரி கார்டு கொடுப்பாங்க, ஒரு பக்கம் கட்டம் போட்ட பேப்பர். தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கோபம் எவ்வளவு, சோகம் எவ்வளவு, தன்னைக் காயப்படுத்தணும்னு தோணினது எவ்வளவுன்னு 0-ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போடணும், அன்னிக்கு எந்த ஸ்கில்ல பயன்படுத்தினோம்னு டிக் அடிக்கணும். மொத நாலஞ்சு வாரம் எல்லாரும் எல்லா கட்டத்துலயும் 5 போட்டு எடுத்துட்டு வருவாங்க. எட்டாவது பத்தாவது வாரத்துல ஒரு நாள் கோபத்துல 3 இருக்கும், அவங்க கவனிச்சிருக்கக்கூட மாட்டாங்க, நாம விரல வச்சுக் காட்டும்போது அந்த முகத்தப் பாக்கணும். எல்லாமே 5 இல்ல, நடுவுலயும் நம்பர் இருக்குன்னு அப்பத்தான் உடம்புக்குள்ள இறங்கும்.

ஸ்கில்னு சொல்றது பெரிய தத்துவம் எல்லாம் இல்ல. கோபம் தலைக்கேறி கை நடுங்கற நேரத்துக்கு ஒண்ணு, ஒரு பெரிய பாத்திரத்துல நல்ல ஜில் தண்ணி வச்சு மூச்சப் பிடிச்சுக்கிட்டு முகத்த முப்பது செகண்ட் முக்கணும். தண்ணிக்குள்ள முங்கும்போது இதயத்துடிப்ப குறைக்கற ஒரு அனிச்சை நம்ம உடம்புல இருக்கு, அத தூண்டி விடறதுதான் இது. இதயக் கோளாறு இருக்கறவங்க, சாப்பாட்டுக் கோளாறு இருக்கறவங்க டாக்டர கேக்காம பண்ணக்கூடாது. இன்னொண்ணு, கோபம் வந்தா கத்தணும்னு தோணும்ல, அதுக்கு நேர்மாறா குரல இறக்கி, மெதுவா ஒதுங்கிப் போறது. கேக்க சப்புனு இருக்கும். இந்த மாதிரி ஸ்கில்ல மணிக்கணக்கா பிராக்டீஸ் பண்றது ஒரு அத்லெட்டுக்கு சாதாரண மனுஷன விட சுலபம்னு நான் நெனக்கறேன், பந்தைப் பிடிக்க ஓடற அதே வழிய ஆயிரம் தடவை ஓடிப் பழகினவன், அலுப்பு தட்டற வேலைய தினம் செய்யத் தெரிஞ்சவன். ட்ரீட்மெண்டுக்கு அடுத்த வருஷம் 2012-ல சிகாகோவுக்கு மாறி 118 கேட்ச், 1,508 யார்டு, ஃபர்ஸ்ட் டீம் ஆல் ப்ரோ, அதாவது அந்த வருஷம் லீக்லயே சிறந்தவங்கள்ல ஒருத்தர். தெரபிக்கு போனா ஆட்டத்துல சூடு போயிடும்னு பயப்படற ப்ளேயர்ஸுக்கு இந்த நம்பரக் காட்டலாம்.

மருந்து பத்தி ஒரு வரி, பார்டர்லைனுக்குன்னே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிச்ச மருந்து எதுவும் கிடையாது, கூட இருக்கற டிப்ரஷன், தூக்கமின்மை மாதிரி விஷயத்துக்குத்தான் கொடுப்பாங்க, அத நீங்களா நிறுத்தச் சொல்லிடாதீங்க.

நம்பிக்கைக்கு உண்மையான ஆதாரம் வேணும்னா அதே மெக்லீன் ஹாஸ்பிட்டல்லயே இருக்கு. மேரி ஸனாரினிங்கற ஆராய்ச்சியாளர் 290 பேஷண்டுகள வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. பத்து வருஷத்துல 93 சதவீதம் பேருக்கு குறைஞ்சது ரெண்டு வருஷம் நீடிக்கற மாதிரி அறிகுறி அடங்குச்சு. ஆனா வேலை, உறவு எல்லாம் சேர்த்து முழுசா நல்லா வாழறாங்கன்னு சொல்ற அளவுக்கு வந்தவங்க 50 சதவீதம்தான். இந்த ரெண்டாவது நம்பரயும் மறைக்காம சொல்லணும். அறிகுறி அடங்கறது ஒண்ணு, வாழ்க்கைய கட்டி எழுப்பறது இன்னொண்ணு. மார்ஷலும் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் சும்மா இருக்கல, ஃப்ளோரிடால ஹவுஸ் ஆஃப் அத்லெட்னு ட்ரெயினிங் சென்டர், பழைய ப்ளேயர்ஸோட உக்காந்து பேசற பாட்காஸ்ட்டுன்னு ஒண்ணொண்ணா கட்டினாரு. மனைவி மிச்சியோட சேர்ந்து ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் 375-ங்கற அமைப்பு மூலமா டீச்சர்ஸுக்கும் பிள்ளைங்களோட வேலை பாக்குறவங்களுக்கும் மனநல முதலுதவி ட்ரெயினிங் கொடுத்தாங்க. அந்த முதலுதவி கோர்ஸ் 2000-ல ஆஸ்திரேலியால ஆரம்பிச்சது, பெட்டி கிச்சனர்னு ஒரு நர்ஸும் அவங்க கணவர் டோனி ஜார்மும் உருவாக்கினது. டாக்டர் ஆகறதுக்கு இல்ல, பக்கத்துல இருக்கறவன் தடுமாறும்போது என்ன கேக்கணும், எங்க அனுப்பணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு. உங்களுக்கே அது உபயோகப்படும்.

இப்ப உங்க கடைசி கேள்வி, ஃப்ரெண்டுகிட்ட காட்டலாமா. காட்டுங்க, ஆனா "பாரு அவனுக்கே சரியாச்சு, உனக்கு என்ன"ங்கற தொனில காட்டாதீங்க. மறுபடியும் அதே ஒதுக்கித் தள்ளுற வேலைதான் அது, நோய்க்கு தீனி. லிங்க் அனுப்பிட்டு விட்டுடாம, முடிஞ்சா அந்த 2011 பிரஸ் மீட் வீடியோவ பக்கத்துல உக்காந்து சேர்ந்து பாருங்க. முடிஞ்சதும் "உனக்கும் இப்படித்தானா"ன்னு கேக்காதீங்க, "இதுல எது உனக்கு பொருந்தல"ன்னு கேளுங்க. 256 விதம்னு சொன்னேன்ல, அதுக்குத்தான். பொருந்தாதத சொல்ல ஆரம்பிச்சா தன்னோடது எதுன்னு அவனே சொல்லிடுவான். நடுவுல நீங்க புத்தி சொல்லாதீங்க, சரி பண்ணப் பாக்காதீங்க, அவன் சொன்னத அவன் வார்த்தையிலயே திருப்பிச் சொல்லுங்க, அவ்வளவு போதும். பேச்சு சாகறத பத்திப் போச்சுன்னா மட்டும் தயங்காம நேரடியாவே கேளுங்க, தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதான்னு, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது, வருதுன்னு சொன்னா அன்னிக்கு தனியா விடாதீங்க, அவனோட டாக்டருக்கோ எமர்ஜென்சிக்கோ கூடவே போங்க.

டாக்டர்கிட்ட அடுத்த தடவை போகும்போது அவன கேக்கச் சொல்ல வேண்டியது ரெண்டே கேள்விதான். இங்க முழு டிபிடி இருக்கா, இல்ல சில ஸ்கில் மட்டும் சொல்லிக் கொடுக்கறீங்களா. செஷனுக்கு நடுவுல நெருக்கடி வந்தா யாருக்கு ஃபோன் பண்ணணும். ரெண்டாவதுக்கு ஒரு பேரும் நம்பரும் பதிலா வரணும், வந்தா அத உங்க ஃபோன்லயும் சேவ் பண்ணி வச்சுக்கோங்க.